தீண்டு: ஐந்தாம் பொருள்

முதல் நாள் ஜோன் கவனித்தது டம்ளரைத்தான். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவளுக்கு மயிலாப்பூர் வீடுகளைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுப்பராமன் வீட்டு மாமி இரண்டு காபி கொண்டுவந்து வைத்தாள். இரண்டும் ஒரே அளவு, ஒரே பித்தளை, இரண்டிலும் ஒரே பெயர் வெட்டியிருந்தது. ஜோன் குடித்தாள். குடித்து முடித்ததும், மனுஷரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்டுக்கொண்டாள். பாவம், அவள் கவனித்திருக்க வேண்டிய இடம் வேறு. அது தெரிய ஏழு வருஷம் ஆயிற்று.

அது அறுபத்தேழாம் வருஷம். சுப்பராமன் ஓர் அகராதி தொடங்கியிருந்தார். ஏட்டில் இருக்கிற தமிழுக்கு அகராதி உண்டு, வாயில் இருக்கிற தமிழுக்கு எங்கே என்பது அவர் கேள்வி. கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் அவர் வீடு. சந்துப் பக்கம் தனி வாசல் வைத்த அறைதான் அலுவலகம். அடையாறில் ஒரு பணக்காரர் அச்சுச் செலவை ஏற்பதாகச் சொல்லியிருந்தார். ஜோன் அதுவரை ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். வயது முப்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. நிரந்தர வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தபோது அண்ணன் ஞானதாஸ், "உனக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டான். பைத்தியம்தான். சொல் என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம்.

வேலை முழுக்கச் சீட்டில்தான் நடந்தது. உள்ளங்கை அளவுச் சீட்டு. மேலே சொல். நடுவே, யாரோ ஒருவர் உண்மையாகவே பேசிய வாக்கியம். அடியில் சொன்னவர் பெயர், இடம், தேதி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் சீட்டு செல்லாது. அதில் சுப்பராமன் கறார். எந்தப் பொருளுக்கு உயிருள்ள ஆள் ஒருவரின் சீட்டாவது இல்லையோ, அந்தப் பொருள் வழக்கொழிந்துவிட்டது என்று கணக்கு. அச்சில் அதன் தலையில் ஒரு சிலுவைக் குறி விழும்.

அவர் போகாத இடத்துக்கெல்லாம் ஜோன் போனாள். நொச்சிக்குப்பத்தில் வலை உலர்த்துகிறவர்களோடு உட்கார்ந்தாள். தி. நகர் ஜவுளிக்கடையில் திருநெல்வேலிக்காரர்கள் துணியைத் தடவிப் பார்த்து என்னென்ன சொல்கிறார்கள் என்று வாசலில் நின்று கேட்டாள். திருவல்லிக்கேணியில் கமர் ஜஹான் என்ற தையல்காரம்மாள் வீட்டில் ஒரு நோன்பு மாதம் முழுக்க மாலையில் போய் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வந்து சீட்டுகளை மேசையில் பரப்பினால் சுப்பராமன் முகம் மலர்ந்துவிடும். "டீச்சர், உங்களுக்குக் காது இல்லே, வலை," என்பார். அதற்காகவே மறுநாளும் வெயிலில் அலைவாள்.

அவள் போன பிறகு அவர் அந்தச் சீட்டுகளையெல்லாம் தம் கையால் எடுத்து எழுதினார். ஒன்றுவிடாமல். ஏழு வருஷத்தில் முப்பதாயிரம் சீட்டாவது இருக்கும். உள்கூடத்து அலமாரியில் அடுக்கியிருந்தவை எல்லாம் அவர் எழுத்தில் இருந்த படிகள்தான். ஏன் சார் இந்தச் சிரமம் என்று அவள் ஒரு தடவை கேட்டாள். அச்சுக் கோக்கிறவனுக்கு ஒரே கையெழுத்தாக இருந்தால் சௌகரியம், எடுத்து எழுதும்போது பிழையும் கண்ணில் படும் என்றார். "அப்ப என் சீட்டெல்லாம்?" என்றாள். "அசல்தானே டீச்சர் முக்கியம்? பரண்ல பத்திரமா இருக்கு," என்றார். ஊரிலுள்ளவர்களிடமெல்லாம் ஜோன் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். எப்பேர்ப்பட்ட உழைப்பு, என் கிறுக்கலைக்கூட உட்கார்ந்து எடுத்து எழுதுகிறாரே என்று.

எழுபத்து நாலில் அடையாறுக்காரர் ஒரு மாதிரிப் புத்தகம் கேட்டார். இருபது சொல்லை மட்டும் முழுதாக எழுதி அச்சிட்டுக் காட்ட வேண்டும். பத்தொன்பதை சுப்பராமன் தமக்கு வைத்துக்கொண்டார். ஒன்றை எடுத்து ஜோன் முன்னால் வைத்தார். "தீண்டு. இது உங்களுது. சீட்டும் உங்களுது, கட்டுரையும் நீங்களே எழுதுங்கோ. யாரோட சீட்டோ அவாளோட எழுத்துதான் கடைசில அச்சாகும். அதுதான் நம்ம சட்டம்."

அதாவது கட்டுரையின் அடியில் சின்னதாக 'ஜோ.' என்று இருக்கும். வெளியே ஒருவருக்கும் அது கண்ணில் படாது. ஜோனுக்கு அது போதும். ஏழு வருஷத்துக்கு அந்த ஓரெழுத்துதான் அவள் கேட்ட கூலி.

இரண்டு மாதம் அவள் தீண்டு என்ற சொல்லோடுதான் தூங்கி எழுந்தாள். தொடுதல் முதல் பொருள், காற்று தீண்டுவதும் விரல் தீண்டுவதும். இரண்டாவது பாம்பு. ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வாசலில் பேச்சியம்மாள் என்றொரு கிழவி, மகனைத் தூக்கி வந்தவள், "கடிச்சிருச்சுன்னு சொல்லாத தாயி, தீண்டிருச்சுன்னு சொல்லு," என்று அவளைத் திருத்தினாள். பல்லின் வேலையைச் சொன்னால் விஷம் ஏறிவிடும், தொட்டதாகச் சொன்னால் இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. மூன்றாவது பற்றிக்கொள்ளுதல். நாலாவது கோயிலில் கிடைத்தது. கை படாமலே பூஜை நடக்கும் லிங்கத்துக்குத் தீண்டாத் திருமேனி என்று பெயர். இதைச் சொன்னவர் சுப்பராமன்தான். சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

வேரைப் பற்றி அவள் எழுதிய பக்கத்தைத்தான் அவள் அதிகம் நேசித்தாள். கூடுதல் என்று பொருள்படும் ஈண்டு, சேர்த்தல் என்று பொருள்படும் ஈட்டு ஆனதுபோலத் தீண்டு என்பது தீட்டு ஆகியிருக்க வேண்டும் என்பது அவள் வாதம். கத்தியைத் தீட்டுகிறோம், அரிசியைத் தீட்டுகிறோம், கண்ணுக்கு மை தீட்டுகிறோம். எல்லாம் தொட்டுத் தேய்த்துச் செய்கிற வேலை. கூர்மையும் வெளுப்பும் அழகும் தொட்டதால் வந்தவை. அதே சொல் ஓர் இடத்தில் மட்டும் அழுக்காகிப்போனது எப்படி என்று கேட்டுவிட்டு, அதற்கு விடை எழுதாமல் விட்டிருந்தாள்.

ஐந்தாவது பொருள் அந்த அழுக்குதான். ஒருவர் பட்டதால் ஒரு பொருளோ ஆளோ தீட்டாகிவிடுவது. அதற்கு அவளிடம் ஒரே ஒரு சீட்டு இருந்தது. தேனாம்பேட்டையில் ஒரு பெண் சொன்னது. ஆனால் வேலை போய்விடும், பேரைப் போடாதே என்று அவள் கெஞ்சியிருந்தாள். சுப்பராமன் அந்தச் சீட்டைப் படித்தார். "பேர் இல்லாத சீட்டு செல்லாது டீச்சர்," என்றார். "சிலுவை போட்டுடுங்கோ. அந்த அர்த்தம் செத்துப் போகட்டும். நம்ம காலத்துலயே செத்துதுன்னு அச்சுல இருக்கட்டுமே." ஜோன் சிலுவை போட்டாள். தேனாம்பேட்டைக்காரி பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபோது, அது சாகத்தான் போகிறது என்று நம்ப முடிந்தது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் அச்சகத்துக்காரர் அக்பர் பாஷா சொல்லி அனுப்பினார். அவருடைய அச்சகம் திருவல்லிக்கேணியில், பெரிய மசூதிக்குப் பின்னால். ஜோன் போனபோது தீண்டு கட்டுரையின் முதல் புரூஃப் ஈரம் காயாமல் கிடந்தது. அவள் தலைப்பைப் பார்க்கவில்லை, நேரே கடைசி வரிக்குப் போனாள். 'சு.' என்று இருந்தது.

"பாஷா பாய், இது தப்பா விழுந்திருக்கு. என் எழுத்து வரணும்."

"இன்னாம்மா டீச்சர், நான் இன்னா என் இஷ்டத்துக்கா போட்டுக்கினு கீறேன்? சீட்டு யாரு கையெழுத்தோ அவங்க எழுத்துதான் போடணும்னு சாரே எழுதிக் குட்துகீறாரு. பாரு, கட்டு பூரா சார் கையெழுத்து."

"அது படி, பாய். அசல் என்னோடது. அசல்தான் கணக்குன்னு சாரே சொல்லியிருக்காரு."

"அப்ப அசலைக் கொண்டாந்து காட்டும்மா. ரெண்டு நிமிட்டு வேலை. சு-வ தூக்கிட்டு ஜோ-வ சொருவிடறேன்."

ஜோனுக்குக் கோபமே வரவில்லை. சட்டத்தில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது சாருக்கே தோன்றியிருக்காது, சொன்னால் சிரிப்பார் என்றுதான் நினைத்தாள். பஸ் ஏறி மயிலாப்பூர் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. அலுவலக அறை பூட்டியிருந்தது. அடையாறுக்குப் போயிருப்பார். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் சந்தோடு நடந்து கொல்லைக் கதவைத் தட்டினாள். அந்தக் கதவுப் பக்கம் அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

மாமி கதவைத் திறந்தாள். கொல்லையில் ஒரு செப்பு பாய்லர் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கூடை.

"வாங்கோ டீச்சர். அவர் இன்னும் வரல்லியே. வர்ற நேரம்தான், அதான் வெந்நீர் போட்டுண்டிருக்கேன்."

"பரவாயில்ல மாமி. பரண்ல என் பழைய சீட்டெல்லாம் கட்டி வெச்சிருக்காராமே. தீண்டு கட்டு மட்டும் வேணும். ஏணி இருந்தா நானே எடுத்துக்கறேன்."

"பரணா?" மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "பரண்ல பழைய கொலு பொம்மைன்னா இருக்கு. உங்க கார்டெல்லாம் அன்னன்னிக்கு இதுல போயிடுமே." கையில் இருந்த கொட்டாங்கச்சியால் பாய்லரைக் காட்டினாள். "அவர் ராத்திரி எழுதி முடிச்சுட்டு கூடையில போட்டுடுவார். மறுநாள் வெந்நீருக்கு ஆச்சு. நன்னாப் பத்திக்கும், கெட்டிக் காகிதம் பாருங்கோ."

ஜோன் கூடைக்குள் பார்த்தாள். கொட்டாங்கச்சிக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு சீட்டு. முந்தாநாள் அவள் நொச்சிக்குப்பத்திலிருந்து கொண்டுவந்தவை. முத்து முத்தாக அவள் எழுத்து.

"ஏன் மாமி?"

மாமி ஒளிவுமறைவு தெரியாத மனுஷி. மழை வருகிறது என்கிற மாதிரிதான் சொன்னாள். "அதுவா, அலமாரி சுவாமி உள்ளுக்குப் பக்கத்துல இருக்கோன்னோ? அந்தக் காகிதம் உள்ளே வரப்படாதும்பார். எழுத்துக்குத் தோஷம் இல்லையாம், காகிதத்துக்குத்தானாம். நானும் எத்தனையோ தரம் சொல்லிட்டேன், தங்கமான பொண்ணு, எழுத்து அச்சாட்டம் இருக்கு, ஏன் இப்படிக் கண்ணைக் கெடுத்துக்கறேள்னு. கேட்டாத்தானே? 'தீண்டின கையோட கூடத்துக்கு வரப்படாது'ன்னு, எடுத்து எழுதி முடிச்ச கையோட ஸ்நானம் பண்ணிட்டுத்தான் உள்ளே வருவார். பனிக்காலமானாலும் சரி. எனக்கு இந்த மடி ஆசாரமெல்லாம் ஒண்ணும் கிடையாது டீச்சர். எங்கப்பா ரயில்வேல இருந்தவர், ஊர் ஊரா சுத்தினோம்."

சொல்லிக்கொண்டே ஒரு பிடி சீட்டை அள்ளி அடுப்புக்குள் போட்டாள். ஜோன் தடுக்கவில்லை. தடுக்கக் கை எழவில்லை. ஏழு வருஷமாக அவள் வெயிலில் அலைந்து கொண்டுவந்ததெல்லாம் அந்த மனுஷர் அவளைக் கழுவிக்கொள்ள வெந்நீராகப் போயிருக்கிறது. காகிதம் சுருண்டு கறுப்பதை நின்று பார்த்துவிட்டு, அலுவலக வாசலுக்கு நடந்து, படியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவமானம்தான் முதலில் வந்தது. அவர்மேல்கூட அல்ல, தன்மேல். 'எப்பேர்ப்பட்ட உழைப்பு' என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறாள். அண்ணன் ஞானதாஸ் கேட்டால் என்ன சொல்வான்? சிரிக்க மாட்டான், அதுதான் கொடுமை. "பரவால்ல விடு," என்பான்.

சுப்பராமன் அரைமணியில் வந்தார். குடையை மடக்கிக்கொண்டே, "என்ன டீச்சர், புரூஃப் வந்துடுத்தா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். ஜோன் உள்ளே போய் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"சார், என் அசல் சீட்டெல்லாம் எங்க?"

"பரண்லதான். ஏன்?"

"கொல்லைப் பக்கம் போயிருந்தேன் சார்."

அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"நீங்க தப்பா எடுத்துக்கப்படாது டீச்சர். உங்க மேல எனக்கு இருக்கற மரியாதை வேற. ஆத்துல அவ கொஞ்சம் ஆசாரம் ஜாஸ்தி. பெத்தவா வளர்த்த வளர்ப்பு அப்படி. நான் என்ன பண்றது? குடும்பம்னு ஒண்ணு இருக்கே."

உள்கதவு ஒருக்களித்திருந்தது. அதன் பின்னால் மாமி நிற்பது அவருக்குத் தெரியாது.

"என்ன சொல்றேள்?" என்றாள் மாமி. "நானா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சுப்பராமன் தலையைக் குனிந்துகொண்டார். தீட்டுப் பார்த்தது ஒரு துரோகம் என்றால், அதைத் தூக்கி ஒன்றும் அறியாத பெண்டாட்டி தலையில் வைத்தது இன்னொன்று. முதலாவதையாவது அவர் வளர்ப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதை அவரே இப்போது செய்தார், ஜோன் கண்ணெதிரே.

ஜோன் கைப்பையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்தாள். நின்றபடியே எழுதினாள். மேலே 'தீண்டு. 5.' நடுவே 'தீண்டின கையோட கூடத்துக்கு வரப்படாது.' அடியில் 'சொன்னவர் சுப்பராமன், அகராதி ஆசிரியர். இடம் மயிலாப்பூர்.' எழுதி முடித்துச் சீட்டை அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"சிலுவையை எடுத்துடணும் சார். பேர் சொன்ன ஆள் கிடைச்சாச்சு."

அவர் படித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். வெளியே போ என்பார், இல்லை, மன்னித்துக்கொள் என்பார். எதற்கும் அவள் தயாராக இருந்தாள். அவர் இரண்டாம் முறை படித்தார்.

"தேதி போடல்லியே, டீச்சர்," என்றார்.

பழக்கதோஷம், வேறென்ன. அவள் குனிந்து தேதியை எழுதினாள். அவர் இழுப்பறையைத் திறந்து புதுச் சீட்டு ஒன்றை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். அவள் சீட்டின் மேல் விரல் படாமல், கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்துப் பார்த்து, தம் அழகான கையெழுத்தில் எடுத்து எழுத ஆரம்பித்தார். 'தீண்டு. 5.'

ஜோன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் எழுதுவதுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு, 'நல்ல சீட்டு டீச்சர்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று தன் மனசு நாய் மாதிரி காத்துக்கொண்டிருந்ததே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

'சொன்னவர்' என்று எழுதிய இடத்தில் பேனா நின்றது. ஜோன் தன் சீட்டை மேசையிலிருந்து எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இருங்கோ, இன்னும் முடிக்கல்லே," என்றார் அவர்.

"இது அசல் சார். பாஷா பாய் அசல் கேட்டாரு, நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்," என்றாள். வாசல்படி இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்க போய்க் குளிங்க. மாமி வெந்நீர் போட்டிருக்காங்க, ஆறிடப் போகுது."